ஓரம் குத்தாதா? – கண்ணுக்குள் வைக்கும் வில்லையும் மெருகின் வரலாறும்

(சற்று நீளமான பதிவு. பொறுமையுள்ளோர் இறுதிவரை வாசிக்க வேண்டுகிறேன்.)

சென்ற மாதம் எங்கள் ஆச்சிக்கு வலக்கண்ணில் புரை அறுவை நடந்தது. மறுநாள் கட்டுப் பிரித்தபின் சான்பாடாவில் உள்ள எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். சன்னலோரம் அமர்ந்து, எதிர்க்கட்டடத்தில் காயும் துணிகளின் நிறங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தவர், திடீரென்று கேட்டார்: “ஏட்டி, உள்ள வச்சிருக்காவளே ஒரு சில்லு, அது பிளாஸ்டிக்குதானாமே. ஓரம் குத்தாதா?”

ஆச்சி இதைச் சும்மா கேட்கவில்லை. திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து தாராவிக்கு வந்தபின், வீட்டிலிருந்தே செய்யும் கூலி வேலையாகப் பல்லாண்டுகள் பிளாஸ்டிக் மூடிகளுக்குப் பிசிறு வெட்டியவர் அவர். அச்சிலிருந்து வரும் பொருளின் விளிம்பில் மெல்லிய வேண்டாத ஓரம் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குப் பிசிறு என்று பெயர். சிறு கத்தியால் அதைச் சீவி எடுக்க வேண்டும். சரியாகச் சீவாவிட்டால் மூடியும் திரும்பி வரும், கூலியும் வராது. அவருடைய இடக்கைப் பெருவிரலில் இன்றும் அத்தொழிலின் தழும்புகள் இருக்கின்றன. பிளாஸ்டிக்கின் ஓரம் என்ன செய்யும் என்பதை அவர் விரலால் அறிந்தவர்.

“குத்தாது ஆச்சி” என்று சொல்லிவிட்டேன். ஆனால் அன்றிரவே ஐயம் பிடித்துக்கொண்டது. ஏன் குத்துவதில்லை? எப்போதுமே குத்தாமல்தான் இருந்ததா? மருத்துவமனை தந்த பெட்டியை எடுத்துப் பார்த்தேன். ஒட்டுச்சீட்டில் ஆரோலேப், மதுரை என்று இருந்தது. பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் என்னும் பலபடியால் ஆன வில்லை. அதன் கதையைத் தேடத் தொடங்கியவள், மொழியியல் மாணவி என்பதால் முதலில் சொற்களிடம்தான் போனேன்.

1. மெருகு, சாணை, தீட்டு

ஒரு பொருளின் மேற்பரப்பை வழவழப்பாக்குவதைக் குறிக்கத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. மெருகு என்பது ஒளியைக் குறிக்கும், அவ்வொளியைத் தரும் வழவழப்பையும் குறிக்கும். மெருகிடுதல், மெருகேற்றுதல் என்பன பொற்கொல்லர் பட்டறையிலிருந்து இலக்கியத் திறனாய்வு வரை வந்துவிட்டன. ‘மெருகேற்றப்பட்ட நடை’ என்று எழுதும்போது, ஏற்கெனவே முடிந்துவிட்ட ஒன்றுக்கு இறுதியாகச் சேர்க்கும் அழகு என்ற பொருளையே கொள்கிறோம்.

சாணை வேறு வகைச் சொல். கத்திக்கும் சாணை பிடிக்கிறோம், மணிக்கும் சாணை பிடிக்கிறோம். முன்னது கூராக வேண்டும், பின்னது வழவழப்பாக வேண்டும். தீட்டு என்னும் வினை இன்னும் வியப்புக்குரியது. கத்தியைத் தீட்டினால் கூர்மை. அரிசியைத் தீட்டினால் வெண்மையும் வழவழப்பும். வைரத்தைப் பட்டை தீட்டினால் கூரிய முனைகளும் மென்மையான முகங்களும் ஒருங்கே பிறக்கின்றன. கூராக்குவதும் மழுங்கச் செய்வதும் எதிரெதிரான செயல்கள் என்று இன்று எண்ணுகிறோம். நம் வினைச்சொல்லோ இரண்டையும் ஒரே தொழிலின் இரு முகங்களாகவே கண்டிருக்கிறது. இச்செய்தியை நினைவில் இருத்திக்கொள்க. கட்டுரையின் இறுதியில் இது தேவைப்படும்.

வில்லை என்ற சொல்லுக்கும் ஒரு சிறு வரலாறு உண்டு. மருந்து வில்லை, அஞ்சல் வில்லை, அரசு அலுவலகச் சேவகர் அணிந்த வில்லை எனத் தட்டையான சிறு துண்டுகள் பலவற்றுக்கும் அது பெயர். அதைத்தான் அறிவியல் தமிழ் ஒளியைக் குவிக்கும் பொருளுக்கு வைத்துக்கொண்டது. ஆச்சி ‘சில்லு’ என்றார். அதுவும் தவறில்லை. உடைந்த துண்டைக் குறிக்கும் அச்சொல், இவ்வில்லையின் பிறப்புக்கு மிகவும் பொருந்துகிறது.

2. உடைந்த சில்லிலிருந்து பிறந்த வில்லை

முதலில் ஒரு தவறான செய்தியைக் களைந்துவிடலாம். சுசுருதர் காலத்திலேயே செயற்கை வில்லை பொருத்தினார்கள் என்று சமூக ஊடகங்களில் அடிக்கடி படிக்கிறோம். சுசுருத சங்கிதையில் உள்ளது புரையை இடம்பெயர்க்கும் முறை. மங்கிப்போன இயற்கை வில்லையை ஊசியால் பார்வைத் தடத்திலிருந்து விலக்குவது. அந்நாளில் அதுவே பெருஞ்சாதனை. அதன் பெருமைக்கு இல்லாத வில்லையைச் சேர்க்க வேண்டியதில்லை. இம்முறை இந்தியாவில் இருபதாம் நூற்றாண்டு வரை வழக்கில் இருந்தது. 1819இல் தொடங்கிய சென்னை அரசு கண் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், இதைக் குறித்து ஒரு நூலே எழுதியிருக்கிறார்.

பின்வந்த அறுவைமுறையில் மங்கிய வில்லையை முற்றிலும் வெளியே எடுத்தார்கள். ஆனால் எடுத்த இடம் வெற்றிடமாகவே இருந்தது. அந்தக் குறையை ஈடுசெய்யத் தடித்த கண்ணாடி அணிய வேண்டும். சோடாப் புட்டிக் கண்ணாடி என்று நம் தெருக்களில் ஏளனத்துக்கு உள்ளான அது, பொருள்களை உண்மையைவிடப் பெரிதாகக் காட்டும். பக்கவாட்டுப் பார்வையைக் குறைக்கும். உடைந்தாலோ தொலைந்தாலோ அறுவை செய்துகொண்டவர் மீண்டும் ஏறக்குறையக் குருடர்தான்.

இரண்டாம் உலகப்போரின்போது லண்டன் மருத்துவர் ஹெரால்ட் ரிட்லி, காயமுற்ற விமானிகளின் கண்களைக் கண்டார். விமானியின் இருக்கையை மூடியிருந்த பெர்ஸ்பெக்ஸ் கூரை உடைந்து, அதன் சில்லுகள் கண்ணுக்குள் தங்கியிருந்தன. கூரிய முனை அசைந்து உறுத்தாத வரையில் கண் அவற்றை எதிர்க்காமல் பொறுத்துக்கொண்டது. இவ்விமானிகளுள் 1940 ஆகஸ்டில் காயமுற்ற கார்டன் கிளீவரின் பெயர் அதிகம் பேசப்படுகிறது. அவர் ஓட்டியது ஸ்பிட்ஃபயர் என்றே பலரும் எழுதுகிறார்கள். உண்மையில் அது ஹரிகேன் விமானம்.

பெர்ஸ்பெக்ஸ் என்பது பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட்டின் வணிகப் பெயர். ரேனர் நிறுவனத்தின் ஜான் பைக் துணையுடன், மாசு குறைந்த பெர்ஸ்பெக்ஸில் வில்லை கடைந்து, 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ரிட்லி முதல் அறுவையைச் செய்தார். மருத்துவ உலகம் நெடுங்காலம் அவரை ஏற்கவில்லை. கண்ணுக்குள் அயற்பொருளை வைப்பது அறிவீனம் என்றனர். 2000ஆம் ஆண்டில்தான் அவருக்கு ‘சர்’ பட்டம் கிடைத்தது. மறு ஆண்டில் மறைந்தார்.

ரிட்லியின் கண்டுபிடிப்பில் அடங்கியிருந்த நிபந்தனையைக் கவனியுங்கள். பொருள் கண்ணுக்குப் பகையன்று. உறுத்தும் ஓரந்தான் பகை. இந்தப் பாடத்தை உற்பத்தியாளர்கள் முழுமையாகக் கற்கப் பல ஆண்டுகள் ஆயின.

3. குத்திய காலம்

ஆச்சியின் கேள்விக்கு வரலாறு தரும் நேர்மையான விடை இதுதான்: குத்தியது.

ரிட்லியின் வில்லை கனமானது, இடம்பெயரக்கூடியது. அதைத் தவிர்க்க, கருவிழிப்படலத்துக்கு முன்னே, கண்ணின் முன்னறையில் பொருத்தும் வில்லைகளை வடிவமைத்தார்கள். அவை நேரடியாக உயிருள்ள திசுவின்மேல் ஊன்றி நிற்பவை. இமைக்கும்போதும் திரும்பும்போதும் நுண்ணளவில் அசைபவை. அவற்றின் கால்களில் ஒரு பிசிறு இருந்தால் அது நாளொன்றுக்குப் பல்லாயிரம் முறை கருவிழிப்படலத்தின்மேல் உராயும். அழற்சி உண்டாகும். கண்ணின் அழுத்தம் உயரும். உள்ளே குருதி கசியும். இம்மூன்றும் சேர்ந்து வந்த நோயாளிகளைப் பற்றி 1978இல் எல்லிங்சன் என்ற மருத்துவர் எழுதினார். குறிப்பிட்ட ஒரு முன்னறை வில்லையோடு அவர் அதைத் தொடர்புபடுத்தினார். அழற்சி, கண்ணழுத்த நோய், குருதிக்கசிவு ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘யு.ஜி.எச். நோய்த்தொகுதி’ என்று இன்றும் அழைக்கிறார்கள். கோணிப்போன கால்களும் சரியாகச் சீராக்கப்படாத விளிம்புகளும் காரணங்களாகக் கூறப்பட்டன.

கண்ணிலிருந்து திரும்ப எடுக்கப்பட்ட வில்லைகளை ஆய்வாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, வெறுங்கண்ணுக்கு மாசற்றதாகத் தோன்றிய விளிம்பு மலைமுகடுபோல் தெரிந்தது. மெருகு என்பது அழகுக்கான இறுதிப் பூச்சு என்ற எண்ணம் இங்கே நொறுங்குகிறது. இப்பொருளைப் பொறுத்தவரை மெருகு இல்லாதது முற்றுப்பெறாத வில்லை மட்டுமன்று, கண்ணுக்குள் வைக்கப்பட்ட ஆயுதம்.

4. கூழாங்கல் செய்யும் வேலை

சரி, இவ்வளவு சிறிய பொருளை எப்படி வழவழப்பாக்குவது?

ஒளி செல்லும் நடுப்பகுதியின் குறுக்களவு 5 முதல் 6.5 மில்லிமீட்டர். அதிலிருந்து வளைந்து நீளும் இரண்டு மெல்லிய கைகளையும் சேர்த்து முனைக்கு முனை 12 அல்லது 13 மில்லிமீட்டர். பலபடித் தகட்டிலிருந்தோ தண்டிலிருந்தோ வெட்டிய வட்டை முதலில் கடைசல் பொறியில் ஏற்றி வளைபரப்பைக் கடைகிறார்கள். பிறகு நுண்துருவியால் கைகளை வெட்டி எடுக்கிறார்கள். கடைசல் கருவி, இசைத்தட்டில் இருப்பதுபோல ஒன்றையொன்று சூழ்ந்த வட்டத் தடங்களை விட்டுச் செல்லும். கட்புலனாகும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர். தடங்கள் அதற்கு மிகச் சிறியனவாக இல்லாவிட்டால் ஒளி சிதறும். விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரியும். துருவி வெட்டிய கைகளிலோ கூரிய விளிம்புகளும் பிசிறுகளும் நிற்கும்.

ஆச்சி செய்ததுபோல் கத்தியால் சீவ முடியாது. சீவிய இடம் புதிய ஓரமாகிவிடும். கண்ணாடி வில்லைக்குச் செய்வதுபோல் அழுத்தித் தேய்க்கவும் இயலாது. உராய்வில் வெப்பம் பிறக்கும். இப்பலபடி ஏறத்தாழ 105 பாகை செல்சியசில் இளகத் தொடங்கிவிடும். மயிரிழைபோன்ற கைகள் அழுத்தத்தில் முறிந்தும் போகும்.

இங்கே மெருகு பற்றிய ஒரு பழைய அறிவியல் வழக்கையும் சொல்ல வேண்டும். மெருகேற்றுவது என்றால் கீறல்களை நீக்குவதன்று, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணிய கீறல்களாக அவற்றை மாற்றுவதே என்று நியூட்டன் கருதினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் பெயில்பி, மேற்பரப்பின் மெல்லிய படலம் உண்மையில் நீர்மம்போல் ஓடிப் பள்ளங்களை நிரப்புகிறது என்றார். எளிதில் இளகும் பலபடியைக் கையாள்பவர் இரண்டையும் எண்ணிப் பார்க்க வேண்டும். துகள் பெரிதானால் கீறல் மிஞ்சும். வெப்பம் மிகுந்தால் பரப்பு இழுபட்டு உருமாறும்.

ஆகவே மெதுவாகச் செய்வதே வழி. தொழிற்கூடங்களில் டம்பிளிங் என்று சொல்லப்படும் உருட்டி மெருகேற்றும் முறையை வில்லைக்கும் கொண்டுவந்தார்கள். நகைத்தொழிலிலும் கல்லிழைக்கும் தொழிலிலும் முன்பே இருந்த முறைதான். சாடியொன்றில் நுண்ணிய கண்ணாடி மணிகளும், அலுமினியம் ஆக்சைடு போன்ற மெருகுப் பொடியும், நீரும் இருக்கும். அவற்றோடு வில்லைகளையும் இட்டு, சாடியை மெல்லச் சுழல விடுவார்கள். மணிகள் வில்லையின்மேல் உருண்டு உரசும். பொடி சிறிது சிறிதாக அரிக்கும். நீர் வெப்பத்தை எடுத்துச் செல்லும். மணிக்கணக்கில் அன்று, நாள்கணக்கில் நடக்கும் வேலை இது.

தாமிரபரணியில் கூழாங்கல் உருவாவதும் இப்படித்தான். மலையிலிருந்து உடைந்து விழும் கல்லுக்கு மூலைகள் இருக்கும். தட்டையான முகத்தைவிட நீட்டிக்கொண்டிருக்கும் மூலைமீதே மோதல்கள் அதிகம். ஆகவே மூலைதான் முதலில் தேயும். சாடிக்குள்ளும் அதுவே விதி. முதலில் பிசிறு போகும், அடுத்து விளிம்பு உருளும், இறுதியாகவே பரப்பின் தடங்கள் மறையும். யாரும் சுட்டிக்காட்டாமலே எது குத்துமோ அதையே தேடித் தேய்க்கும் முறை என்பதே இதன் சிறப்பு.

மெருகேறியபின் இன்னொரு கவலை தொடங்குகிறது. மணிகளிலிருந்து வில்லைகளைப் பிரித்து, மீயொலித் தொட்டியில் இட்டுக் கழுவ வேண்டும். பரப்பில் ஒட்டிய மெருகுப் பொடியின் எச்சம் கண்ணுக்குள் சென்றால், கிருமி ஏதும் இல்லாமலே கடும் அழற்சியைத் தூண்டக்கூடும். அறுவைக்குப் பின்வரும் நச்சு அழற்சிக்கான காரணங்களின் பட்டியலில் இதுவும் உண்டு. நகையை மெருகேற்றியபின் பூந்திக்கொட்டை நீரில் அலசும் பட்டறைக்காரர் அழுக்கைத்தான் போக்குகிறார். இங்கே அலசுதலும் மருத்துவத்தின் பகுதி.

மென்மையான அக்ரிலிக் வில்லைகள் வந்தபோது இம்முறை மீண்டும் மாற வேண்டியிருந்தது. சுருட்டிச் செலுத்தும் அளவுக்கு நெகிழ்வான பொருளை அறைவெப்பத்தில் உருட்டினால் அது தேயாது, நசுங்கும். எனவே கடுங்குளிரில் இறுகவைத்தே அவ்வகையை வெட்டவும் மெருகேற்றவும் வேண்டியிருக்கிறது. நீரை ஏற்கும் வகையையோ உலர்ந்து கடினமாக இருக்கும்போதே கடைந்து முடித்து, பின்னர் நீரில் ஊறவைக்கிறார்கள்.

5. மதுரைக்கு வந்த கதை

1976இல் மதுரையில் பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார் டாக்டர் கோ. வேங்கடசுவாமி. அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற வயது அது. இளமையில் வந்த முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போயிருந்தன. அவ்விரல்களாலேயே அறுவைக் கருவியைப் பிடிக்கப் பயின்றவர்.

1980களில் அவருடைய மருத்துவமனையில் ஓர் அறச்சிக்கல் எழுந்தது. கட்டணம் செலுத்துவோருக்குச் செயற்கை வில்லை. இலவச அறுவை பெறுவோருக்குச் சோடாப் புட்டிக் கண்ணாடி. இறக்குமதியான வில்லையொன்றின் விலை நூறு டாலரை ஒட்டியிருந்ததே காரணம். வெளிநாட்டிலிருந்து கொடையாக வந்த வில்லைகள் தேவைக்கு ஈடாகவில்லை. ஏழைக்கும் உள்வில்லை என்பது ஆடம்பரம் என்று அன்றைய வல்லுநர்களில் பலர் கருதினர். பணமுள்ளவரும் இல்லாதவரும் ஒரே கூரையின்கீழ் இருவகைப் பார்வையோடு வீடு திரும்புவதை வேங்கடசுவாமியும் அவருடன் இருந்தோரும் ஏற்கவில்லை.

சேவா அறக்கட்டளையைச் சேர்ந்த டேவிட் கிரீனின் முயற்சியால் அமெரிக்காவிலிருந்து தொழில்நுட்பம் பெறப்பட்டது. அமெரிக்காவில் பொறியியல் பயின்ற டாக்டர் பாலகிருஷ்ணன் மதுரை திரும்பிப் பொறுப்பேற்றார். 1992இல் ஆரோலேப் உற்பத்தியைத் தொடங்கியது. தொடக்கத்தில் பத்து டாலரளவில் இருந்த விலை, பின்னர் எளிய வகைகளுக்குச் சில டாலர்களாகக் குறைந்தது. இன்று அவ்வில்லைகள் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் செல்கின்றன.

காலமும் கூடி வந்தது. 1994இல் உலகவங்கிக் கடனுதவியுடன் ஏழு மாநிலங்களில் கண்புரை ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. தமிழகமும் மராட்டியமும் அவற்றில் அடங்கும். வில்லையின்றி அறுவை செய்யும் பழைய முறையிலிருந்து வில்லை பொருத்தும் முறைக்கு அரசு மருத்துவமனைகள் மாறத் தொடங்கிய காலம் அது. விலை மலிந்த வில்லை இல்லாமல் இம்மாற்றம் இந்த அளவில் நிகழ்ந்திருக்க வாய்ப்பில்லை.

மலிவு என்றதும் தரம் குறைந்தது என்ற ஐயம் நமக்கு இயல்பாக எழுகிறது. மெருகைப் பற்றி இவ்வளவு பேசியது இதற்காகத்தான். இவ்வில்லையில் மூலப்பொருளின் பங்கு மிகச் சிறிது. சில மில்லிகிராம் பலபடிக்கு என்ன விலை இருக்க முடியும்? விலையைத் தீர்மானிப்பவை துல்லியமான கடைசலும், நாள்கணக்கில் சுழலும் சாடியும், ஒவ்வொரு வில்லையையும் நுண்ணோக்கியின்கீழ் வைத்துப் பார்க்கும் கண்களுமே. ஆரோலேப் பணியாளர்களில் பெரும்பான்மையோர் தென்மாவட்டச் சிற்றூர்களிலிருந்து வந்து பயிற்சி பெற்ற இளம்பெண்கள். கீறல், பிசிறு, ஒட்டிய பொடி என்று ஒவ்வொன்றையும் கண்டு விலக்கும் பொறுப்பு அவர்களுடையது.

மேற்கத்திய நூல்களில் மதுரையின் கதை பெரும்பாலும் மேலாண்மைக் கதையாகவே எழுதப்படுகிறது. விலையை எப்படிக் குறைத்தார்கள், எண்ணிக்கையை எப்படிப் பெருக்கினார்கள் என்பதே அதன் மையம். கைத்திறனின் கதையாக அது எழுதப்படுவது அரிது. தாராவியின் ஒற்றை அறையில் பிசிறு வெட்டிய எங்கள் ஆச்சியும், மதுரையின் தூய அறையில் பிசிறு தேடும் அப்பெண்களும் ஒரே தொழிலின் இரு முனைகளில் இருப்பவர்கள். ஊதியமும் மதிப்பும் பாதுகாப்பும்தான் இருவருக்கும் நடுவே உள்ள தொலைவு. அது சிறிய தொலைவன்று.

6. எங்கே நிறுத்துவது?

இத்துடன் முடிந்திருந்தால் இது மெருகின் வெற்றிக் கதையாக இருந்திருக்கும். 1990களில் ஒரு திருப்பம் நேர்ந்தது.

அறுவையின்போது இயற்கை வில்லையின் உறையை அப்படியே விட்டுவிட்டு, அதனுள்ளேதான் செயற்கை வில்லையை வைக்கிறார்கள். உறையில் தங்கும் சில உயிரணுக்கள் மாதங்கள், ஆண்டுகள் கழித்துப் பெருகி, வில்லையின் பின்புறமாக ஊர்ந்து சென்று மீண்டும் மங்கலை உண்டாக்கும். மக்கள் வழக்கில் இது ‘இரண்டாம் புரை’. லேசர் கொண்டு உறையில் துளையிட்டுச் சரிசெய்யலாம். ஆனால் நகரவாசிக்கு அரைநாள் வேலையாக இருக்கும் அது, லேசர்க் கருவி இல்லாத ஊரில் வாழ்பவருக்கு மீண்டும் இருட்டு.

அக்காலத்தில் அறிமுகமான அக்ரிலிக் வில்லை ஒன்றில் இரண்டாம் புரை குறைவாக வருவதை மருத்துவர்கள் கண்டனர். புதிய பொருளின் குணம் என்று பலர் நினைத்தனர். ஜப்பானின் ஒக்கிஹிரோ நிஷி வேறொன்றைக் கவனித்தார். அவ்வில்லையின் விளிம்பு உருண்டையாக இல்லை, சதுரமாகக் கூர்ந்திருந்தது. முயல்களின் கண்களில் செய்த சோதனைகளில், அதே அக்ரிலிக்கை உருண்டை விளிம்போடு வைத்தபோது அந்தப் பாதுகாப்பு மறைந்தது. கூரிய விளிம்பு உறையைச் சட்டென்று மடக்குகிறது. ஊர்ந்து வரும் உயிரணுக்கள் அம்மடிப்பில் தடைபட்டு நிற்கின்றன. வயலைச் சுற்றி எழுப்பிய வரப்புபோல என்று சொல்லலாம்.

எத்தனை பெரிய முரண்! குத்தாமல் இருப்பதற்காக நாள்கணக்கில் உருட்டி உருட்டி உருளையாக்கிய அதே விளிம்பு, உயிரணுக்களுக்குச் சறுக்குப் பாதையாகிவிட்டது. சாடிக்குள் உருளும் மணிக்கு வேண்டிய மூலையும் வேண்டாத பிசிறும் ஒன்றுதான். இரண்டையும் அது தேய்த்துவிடும். அரிசியை அளவுக்கு மீறித் தீட்டித் தவிட்டோடு சத்தையும் இழந்து, பெரிபெரி நோயைத் தேடிக்கொண்ட வரலாறும் நமக்குத் தெரிந்ததே.

ஆகவே தொழில்நுட்பத்தின் கேள்வி மாறியது. எவ்வளவு மெருகேற்றுவது என்ற இடத்தில், எங்கே ஏற்றுவது, எங்கே ஏற்றாமல் விடுவது என்ற கேள்வி வந்தது. வெட்டும் கருவியையே நுண்மையாக்கி, உருட்டும் காலத்தைக் குறைப்பது ஒரு வழி. பரப்பை மெருகேற்றியபின் விளிம்பைத் தனியே வெட்டுவது இன்னொன்று. கூரிய விளிம்பில் ஒளி பட்டுப் பிறை வடிவில் பளிச்சிடும் தொல்லையும் எழுந்ததால், முன்விளிம்பை உருட்டியும் பின்விளிம்பைச் சதுரமாகவும் அமைத்த வடிவங்கள் வந்தன.

புதிய அக்ரிலிக் விலை உயர்ந்தது. பழைய பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட்டிலேயே சதுர விளிம்பை அமைத்தால் போதாதா? மதுரை இக்கேள்வியைக் கையிலெடுத்தது. ஆரோலேப் அத்தகைய வில்லையை உருவாக்கியது. அரவிந்த் மருத்துவர்கள் ஒரே நோயாளியின் ஒரு கண்ணில் சதுர விளிம்பு வில்லையும் மறுகண்ணில் உருண்டை விளிம்பு வில்லையும் பொருத்தி, ஒன்பது ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2017இல் முடிவை வெளியிட்டனர். சதுர விளிம்பு இருந்த கண்களில் இரண்டாம் புரை தெளிவாகக் குறைந்திருந்தது. விலை உயர்ந்த பொருளின் குணமாகக் கருதப்பட்ட நன்மையை, விளிம்பை மாற்றியதன் மூலமே மலிவான பொருளுக்கும் கொடுத்துவிட்டார்கள். ஏழையின் வில்லை பின்தங்கிய வில்லையாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட அழகான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

7. ஆச்சிக்குச் சொன்னது

தீட்டு என்ற வினைக்குத் திரும்பி வருகிறேன். கூராக்குவதையும் வழவழப்பாக்குவதையும் ஒரே சொல்லுக்குள் வைத்திருந்த நம் முன்னோர் நவீன வில்லையை முன்கூட்டியே அறிந்திருந்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொல்பவர்கள்மீது எனக்குள்ள சினத்தை இப்பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்போர் அறிவர். கத்தியையும் அரிசியையும் மணியையும் தம் கைகளால் தீட்டியவர்கள், ஓரத்தை எடுப்பதும் ஓரத்தைத் தருவதும் ஒரே திறனின் பகுதிகள் என்று அனுபவத்தில் அறிந்திருந்தனர். அந்த அறிவு சொல்லில் தங்கியது. ‘மெருகு’ என்பதை இறுதி அலங்காரமாகச் சுருக்கியது, கைவினையிலிருந்து விலகிய நாம்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆச்சியிடம் மறுபடியும் விடை சொன்னேன். “ஒரு காலத்துல குத்திச்சு ஆச்சி. அப்புறம் ஓரத்தை எல்லாம் உருட்டி எடுத்தாங்க. எல்லாத்தையும் உருட்டுனதும் வேற தொல்லை வந்துச்சு. அதனால இப்ப உறுத்துற பக்கம் வழவழன்னும், பின்பக்கம் ஓரம் விட்டும் செய்யறாங்க.”

சிறிது நேரம் தம் பெருவிரலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “அதான பாத்தேன். மூடியில பிசிறத்தான் எடுக்கணும், திருகுற பல்லையும் சேத்துச் சீவிட்டா மூடி எப்படி நிக்கும்?”

இதை விளக்க நான் ஏழு பகுதிகள் எழுதினேன்.

அடுத்த மாதம் ஆச்சியின் இடக்கண்ணுக்கு அறுவை. நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். பிசிறு, மெருகு, சாணை, தீட்டு போன்ற சொற்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்களின் தொழிலில் எப்படி வழங்கின என்று கேட்டு இங்கே எழுதுங்கள். அகராதியில் இல்லாத பொருள் ஒன்று கிடைத்தாலும் மகிழ்வேன்.